தறி யாருடையது?



இறைமறையின் முதல் கட்டளையே ஓதுவதைப் பற்றியது என்று மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறோம். ஆனால் ஓதும் இடம் இன்று வகுப்பறையிலிருந்து கைபேசிக்கும் வந்துவிட்டது. பாடம், தேர்வு, மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் ஓர் இணையத் தளத்துக்குள் அடங்குகின்றன. அந்தத் தளத்தைத் தேர்வு செய்வது யார்? இதைப் பற்றி நாம் எப்போது மஷூரா செய்யப் போகிறோம்?

மத்திய அரசு 2017 ஜூலை 9ஆம் நாள் 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை அதில் படிக்கலாம் என்று 2016இல் விதி வகுத்திருந்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. 1953 டிசம்பர் 28ஆம் நாள் மௌலானா அபுல் கலாம் ஆசாத் தொடங்கி வைத்த அதே மானியக் குழுதான் இது. பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம்; சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். நம் பிள்ளைகள் இதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

அப்படியென்றால் நமக்கென்று தனித் தளம் எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்வயம் யாரோ ஒரு பேராசிரியரின் பாடத்தை நமக்குத் தரும். நம் ஆசிரியர் அன்றாடம் நடத்தும் பாடத்துக்கும், அவர் வைக்கும் உள்தேர்வுக்கும், தமிழில் அவர் தரும் விளக்கத்துக்கும் வேறு இடம் தேவைப்படுகிறது.

நம் கல்லூரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சென்னைப் புதுக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ். திருச்சி ஜமால் முகமது கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ். பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ். நான்கு கல்லூரிகள், நான்கு பல்கலைக்கழகங்கள்! ஒரு கல்லூரியின் சிறந்த ஆசிரியரை மற்றொரு கல்லூரியின் மாணவர் கேட்க வழி உண்டா? பொதுத் தளம் ஒன்று இருந்தால் உண்டு.

இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொண்டால் போதாதா என்று வணிகர்கள் கேட்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத சேமிப்பிடத்தை இலவசமாகத் தந்துவந்த கூகுள் நிறுவனம், 2021 பிப்ரவரியில் அந்தச் சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமே 100 டெராபைட் என்றாகிவிட்டது. கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பொருள், அவர்கள் விருப்பம். வாடகைக் கடையில் வியாபாரம் செய்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் உள்ள மாகறல் பக்கம் போய்க் கேளுங்கள். சொந்தத் தறியில் நெய்பவருக்கும் பிறர் தறியில் கூலிக்கு நெய்பவருக்கும் என்ன வேறுபாடு என்று நெசவாளி சொல்வார். உழைப்பு ஒன்றுதான்; உரிமைதான் வேறு. தனியாக ஒரு தறி போட முடியாதவர்களுக்காகத்தான் கூட்டுறவுச் சங்கம் வந்தது. நம் கல்லூரிகளுக்கும் அதுவே வழி.

எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வீட்டில் ஒரே ஒரு கைபேசியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் மாகறல் மாணவிக்கு, குறைந்த இணைய வேகத்தில் அது திறக்குமா? தமிழில் இயங்குமா? மாணவர் விவரங்கள் யார் கையில் இருக்கும்? நாளை வேறு தளத்துக்கு மாற நேர்ந்தால் பாடங்களையும் மதிப்பெண்களையும் எடுத்துச் செல்ல விடுவார்களா? இவற்றுக்கு ஆம், இல்லை என்று நேராகப் பதில் சொல்லாதவரிடம் கையெழுத்திடாதீர்கள்.

2002இல் ஆஸ்திரேலியாவில் வெளியான 'மூடில்' போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. நம் சொந்தக் கணினியிலேயே நிறுவலாம், திருத்தலாம். ஆனால் பராமரிப்புக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இலவச மென்பொருளும் செலவில்லாமல் ஓடாது. ஒரு கல்லூரிக்குப் பாரமாக இருக்கும் அந்தச் செலவு, பத்துக் கல்லூரிகள் பகிர்ந்தால் பாரமாகாது.

வணிகப் பெருமக்களே! 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது வணிகர்களின் பொருளாலும் துணிவாலும்தான். அன்று அவர்கள் கட்டடம் எழுப்பினார்கள். இன்று ஒரு பொதுத் தளத்துக்கும், அதைக் காக்கும் சில பொறியாளர்களுக்கும் நீங்கள் பொறுப்பேற்கக் கூடாதா? அதில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

இளைஞர்களே! கணினி படித்த உங்களில் எத்தனையோ பேர் பிறர் தளங்களைக் கட்டிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறீர்கள். அந்தத் திறமையில் ஒரு பங்கைச் சமுதாயத்துக்கும் தாருங்கள்.

கல்லூரித் தாளாளர்கள் அடுத்த கல்வியாண்டு பிறக்கும் முன் ஓரிடத்தில் அமர்ந்து மஷூரா செய்யட்டும். ஆசிரியரையும் மாணவரையும் அருகில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கட்டும். தனித்தனியே போனால் கூலித் தறிதான் மிஞ்சும். கூடி நின்றால், இன்ஷா அல்லாஹ், தறியும் நமதாகும், நெய்த சேலையும் நமதாகும்.