மானுக்குப் புல் வேண்டும்!

திருவதிகை போன்ற சிவத்தலங்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: சிவபெருமான் ஒரு கையில் மழுவும், மறு கையில் மானும் ஏந்தி நிற்பார். அந்த மானையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம்.

மான் கூட்டம் துள்ளி ஓடுவதை நேரில் பார்க்க ஆசையா? கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாகத் தெற்கே போக வேண்டும். வேதாரண்யத்தைத் தாண்டினால் கோடியக்கரை. அங்கே 1967ஆம் ஆண்டு வெளிமானுக்காக ஒரு சரணாலயம் ஏற்படுத்தினார்கள்.

ஆண் வெளிமானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. கொம்பு முறுக்கிய கயிறு போல இருக்கும். புள்ளிமானின் கொம்பு விழுந்து முளைக்கும். வெளிமானின் கொம்பு விழுவதில்லை.

ஒரு காலத்தில் இந்தியாவின் சமவெளி எங்கும் இது கூட்டம் கூட்டமாக மேய்ந்தது. வேட்டையாடினார்கள், புல்வெளிகளை உழுதார்கள். இன்று தமிழ்நாட்டில் கோடியக்கரை, கிண்டி, வல்லநாடு போன்ற சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி இதை வேட்டையாடினால் சிறைத் தண்டனை உண்டு.

துப்பாக்கியைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் இன்னொரு எதிரி உள்ளே வந்துவிட்டான். அவன்தான் சீமைக் கருவேல மரம்!

வெளிமான் புதரில் ஒளியாது. வெட்டவெளியில் நின்று, தூரத்தில் பகை வருவதைப் பார்த்து, ஓடித் தப்பும். முள்மரம் மண்டினால் மேயப் புல் இல்லை. ஓட வழியும் இல்லை. மரத்தின் காயைத் தின்னும் விலங்குகளே சாணத்தோடு விதையைப் பரப்பிவிடுகின்றன.

2018 நவம்பரில் கஜா புயல் கோடியக்கரையைச் சூறையாடியது. மான்களும் மாண்டன. புயலைத் தடுக்க நம்மால் முடியாது. முள்மரத்தைத் தடுக்க முடியும்.

வெட்டினால் மட்டும் போதாது. அடிமரம் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் களைய வேண்டும்.

இந்த மரம் பல ஏழை வீடுகளுக்கு விறகு. பலருக்குக் கரி சுடும் பிழைப்பு. அதையும் மறக்கக் கூடாது. மரம் பிடுங்கும் வேலையை அக்கம்பக்கத்துக் கிராம மக்களுக்கே கொடுக்கட்டும். கூலியும் விறகும் அவர்களுக்கே சேரட்டும். அப்போது ஊரே மானுக்குக் காவல் நிற்கும்.

சரணாலயம் என்றால் அடைக்கலம் தரும் இடம். அடைக்கலம் கேட்டு வந்தவரைப் பட்டினி போடலாமா? பெயர்ப் பலகை மானைக் காப்பாற்றாது. புல்தான் காப்பாற்றும்!