அஞ்சாப்பு முடிச்ச பிள்ளையை எங்கே சேர்க்கிறது?

சித்திரை பிறந்துட்டா எங்க பக்கம் ரேசன் கடை வரிசை, டீக்கடை, கம்மாய்க்கரை, எங்க போனாலும் ஒரே பேச்சுதான். "ஒம் மகன் அஞ்சாப்பு முடிச்சுட்டானே, ஆறாப்புக்கு எங்க சேர்க்கப் போறே?"

சென்னை, கோயம்புத்தூர்ல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு எல்.கே.ஜி. சீட்டுதான் பெரிய தலைவலி. அதை ஒரு தடவை முடிச்சுட்டா பன்னெண்டு வரைக்கும் கவலை இல்லை. கிராமத்துல அப்படி இல்லீங்க. இங்க பிள்ளையோட தலையெழுத்தை மாத்துற இடம் ஆறாம் வகுப்பு. அதைப் பத்தி யாரும் விளக்கமா எழுதி நான் பார்க்கலை, அதனால நானே எழுதுறேன். என் மகள் பிள்ளையும் இந்த வருஷம் அஞ்சாப்பு முடிக்கிறா.

முதல்ல பள்ளிக்கூட அமைப்பைச் சொல்லிடறேன். எங்க ஊருல இருக்கிறது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒண்ணுல இருந்து அஞ்சு வரை. பக்கத்து ஊருல ஒரு நடுநிலைப் பள்ளி, ஒண்ணுல இருந்து எட்டு வரை. அதுவும் முன்னால தொடக்கப் பள்ளிதான், பிறகு தரம் உயர்த்தினாங்க. அதைத் தாண்டிக் காரைக்குடிக்குப் போனா ஆறுல இருந்து பத்து வரைக்கும், பன்னெண்டு வரைக்கும் உள்ள பெரிய பள்ளிகள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ள, ஆறு முதல் எட்டு வரை மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதி சொல்லுது. எங்களுக்கு அந்தக் குறை இல்லை. காமராசர் காலத்துலயே ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்துருச்சு.

இப்ப அந்த நடுநிலைப் பள்ளியோட நிலைமையைப் பாருங்க. அதோட ஆறாம் வகுப்பு ரொம்பணும்னா சுத்தி உள்ள நாலஞ்சு தொடக்கப் பள்ளியில இருந்து பிள்ளைங்க வரணும். கம்மாய்க்கு வரத்துக்கால் மாதிரி. கால்ல தண்ணி ஓடாம கம்மாய் எப்படிப் பெருகும்? ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலயும் அஞ்சாப்புல மூணு நாலு பிள்ளைங்கதான். அதுல ஒண்ணு வேன்ல தனியார் பள்ளிக்குப் போயிரும். இன்னொண்ணு, "எப்படியும் ஒம்பதாப்புக்குக் காரைக்குடி போகத்தானே வேணும், இப்பயே போயிரட்டுமே"ன்னு நேரா டவுனுக்குப் போயிரும். மிச்சம் ஒண்ணு ரெண்டு நடுநிலைப் பள்ளிக்கு வரும். இந்தக் கணக்குல ஆறாம் வகுப்புல ஏழெட்டுப் பிள்ளை சேர்ந்தாலே பெருசு.

பெத்தவங்களைத் திட்டுறது ரொம்பச் சுலபம். திருவிழாவுக்கு ஊருக்கு வர்றவங்க செய்றதும் அதைத்தான். "டை, ஷூ மோகம்ப்பா, அரசுப் பள்ளியை விட்டுட்டு ஓடுறாங்க"ன்னு வாசல் திண்ணையில உக்காந்து பேசுவாங்க. அவங்க பிள்ளைங்க எந்தப் பள்ளியில படிக்குதுன்னு நாம கேட்கிறதில்லை, மரியாதைக்கு.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, கொத்தனார் வேலைக்குச் சித்தாளா போகுது. ரெண்டு பிள்ளையையும் வேன்ல அனுப்புது. ஏம்மா இவ்வளவு கஷ்டப்படறேன்னு கேட்டதுக்கு அது சொன்னது: "அண்ணே, ரெண்டு டீச்சர் அஞ்சு வகுப்பைப் பாக்குறாங்க. ஒருத்தங்க ஆபீஸ் வேலைன்னு போயிட்டா, அன்னைக்கு ஒருத்தங்கதான் அஞ்சு வகுப்புக்கும். நீங்க ஒரே நாள்ல அஞ்சு வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவீங்களா?" இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? சட்டப்படியே அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர் போதும். பிள்ளை பத்தா இருந்தாலும் அம்பதா இருந்தாலும் வகுப்பு அஞ்சு என்னமோ அஞ்சுதானே. ஆசிரியர்கள் மேல குத்தம் சொல்லலை. ஒரு மூலையில ஒண்ணாம் வகுப்புக்கு அ, ஆ எழுதிப் போட்டுட்டு இன்னொரு மூலையில அஞ்சாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக் குடுக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன். கணக்கே அப்படிப் போட்டு வச்சிருக்காங்க, அதுதான் குத்தம்.

ஆனா ஆறாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு மாறுது. இதைத்தான் நம்ம ஆளுக கவனிக்கிறதில்லை. ஆறு முதல் எட்டு வரை அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழின்னு குறைஞ்சது வகுப்புக்கு ஒருத்தர் கணக்குல மூணு பாடத்துக்கும் ஆள் இருக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. ஆகத் தொடக்கப் பள்ளியில பட்ட கஷ்டத்தை வச்சு நடுநிலைப் பள்ளியையும் எடை போடக் கூடாது. அங்க போய் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டடம் பத்தி இல்லை, ஸ்மார்ட் போர்டு பத்தியும் இல்லை. "கணக்குக்கு யாரு, எத்தனை மாசமா இருக்காங்க, மாறுதல்ல போறாங்களா?" இவ்வளவுதான்.

அடுத்தது காசு விஷயம். ஆறாம் வகுப்புல எங்க சேர்க்கிறோம்கிறதுல பின்னால வர்ற பல சலுகை மாட்டிக்கிட்டு இருக்கு. மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்துச்சு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரைக்கும் அதை நீட்டினாங்க. பொறியியல்ல இந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களுக்குப் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுது. இதுக்கு நிபந்தனை என்ன தெரியுமா? ஆறு முதல் பன்னெண்டு வரை முழுக்க அரசுப் பள்ளி. எட்டு வரை தனியார்ல காசு கட்டிப் படிக்க வச்சுட்டு, "ஒம்பதுல அரசுப் பள்ளியில போட்டா 7.5 கிடைக்கும்"னு நினைக்கிறவங்க எங்க பக்கம் நிறைய. கிடைக்காது. 25 சதவீத ஒதுக்கீட்டுல தனியார் பள்ளியில எட்டு வரை படிச்சு, ஒம்பதுல இருந்து அரசுப் பள்ளிக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான் அந்த விலக்கு. அந்த 25 சதவீத இடமும் எட்டாம் வகுப்போட முடியுது. அதுக்கு மேல பீஸ் நாமதான் கட்டணும். சேர்க்கிற அன்னைக்கு இதை யாரும் நமக்குச் சொல்றதில்லை.

செட்டிநாட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு. இங்க நகரத்தார் பெரியவங்க அந்தக் காலத்துலயே அறக்கட்டளை வச்சு நடத்தின பள்ளிகள் நிறைய. அரசு உதவிபெறும் பள்ளிகளா இன்னைக்கும் நல்லா நடக்குது. பீஸ் இல்லை, சத்துணவு உண்டு, புத்தகம் உண்டு. அதனால மக்கள் அதையும் "கவர்மெண்ட் ஸ்கூல்"னுதான் சொல்றாங்க. ஆனா 7.5 சதவீதத்துக்கு அது அரசுப் பள்ளி ஆகாது. மாசம் ஆயிரம் ரூபாய் வர்ற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளிக்கு மட்டும்னு ஆரம்பிச்சு, பிறகு உதவிபெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பிள்ளைகளுக்கும் வந்துச்சு. பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன். அதுக்கும் ஆறு முதல் பன்னெண்டு வரைங்கிற கணக்குதான். அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் சட்டத்தைத் திருத்தினதுக்குப் பிறகு ஒண்ணாம் வகுப்புல இருந்தே தமிழ் வழியா இருக்கணும். ஆகப் பள்ளி எதுன்னு மட்டும் பார்த்தா போதாது, எந்த வழிப் பிரிவுன்னும் பார்க்கணும். அரசுப் பள்ளியில ஆங்கில வழின்னு போர்டு பார்த்ததும் சேர்த்துட்டு, அதைச் சொல்லிக் குடுக்கிறவங்க யாருன்னு கேட்காம விடுறது நல்லதில்லை. பெரும்பாலும் ரெண்டு பிரிவுக்கும் அதே ஆசிரியர்தான்.

நல்லா நடத்தினா கூட்டம் வருமான்னு கேட்கிறவங்க காரைக்குடிக்கு வந்து ராமநாதன் செட்டியார் பள்ளியைப் பாருங்க. முன்னால நடுநிலைப் பள்ளி. பிள்ளைகள் பெருகி உயர்நிலைப் பள்ளியா வளர்ந்தது. அங்க இடம் கிடைக்கணும்னு பெத்தவங்க வரிசையில நின்னது பத்திரிகையிலயே வந்துச்சு. அரசுப் பள்ளிக்கு வரிசைன்னா நம்ப மாட்டீங்க, ஆனா நடந்தது. நானும் அதைப் பெருமையாத்தான் சொல்றேன். சொல்லும்போதே ஒரு உறுத்தலும் இருக்கு. டவுன்ல ஒரு பள்ளி நல்லா நடந்தா, சுத்துப்பட்டு ஊர்ல பஸ் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைங்க அங்க போயிருது. பஸ் இல்லாத ஊர்ப் பிள்ளை, தாத்தா பாட்டி வளர்க்கிற பிள்ளை, இதுகதான் ஊர்ப் பள்ளியில மிச்சம். அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச ஊர்ல ஆளே இருக்காது.

அப்ப என்னதான் செய்யணும்கிற? என் அபிப்பிராயம் நிறையப் பேருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லிடறேன்.

தொடக்கப் பள்ளியை எத்தனை பிள்ளை இருந்தாலும் மூடக் கூடாது. அஞ்சு வயசுப் பிள்ளை நடந்து போற தூரத்துல பள்ளி இருந்தே ஆகணும். ஆனா ஆறு முதல் எட்டுக்கு ஊர்ப் பாசம் பார்க்கக் கூடாது. "எங்க ஊர்ப் பள்ளியையும் தரம் உயர்த்துங்க"ன்னு ஒவ்வொரு ஊரும் மனு குடுக்குது. மூணு ஊர்ல மூணு நடுநிலைப் பள்ளி, ஒவ்வொண்ணுலயும் வகுப்புக்கு ஆறு பிள்ளைன்னா கணக்கு வாத்தியார் எந்தப் பள்ளிக்கும் நிரந்தரமா கிடைக்க மாட்டார். கபடிக்கு ஆள் சேராது. அதைவிட நாலஞ்சு ஊருக்கு ஒரே நடுநிலைப் பள்ளி, பாடத்துக்கு ஆள், போய்வர ஒரு வண்டின்னு கேட்கிறதுதான் புத்தி. பிள்ளைங்க குறையுறது வேன்காரங்களால மட்டும் இல்லை. தமிழ்நாட்டுல பொறப்பே குறைஞ்சுருச்சு, 2020 கணக்குல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 1.4 பிள்ளைதான். எங்க பக்கம் தெருவுக்குப் பாதி வீடு பூட்டிக் கிடக்கு. செட்டியார் வீடுக மட்டுமில்லை, திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன எங்க ஆளுக வீடும்தான்.

அந்த வண்டி விஷயம் சின்ன விஷயம் இல்லை. இலவச சைக்கிள் பதினொண்ணாம் வகுப்புலதான் வருது. ஆறாம் வகுப்புப் பொம்பளப் பிள்ளை ரெண்டு கிலோமீட்டர் கருவேலங்காட்டுப் பாதையில தனியா நடக்கணும்னா எந்தத் தாய் அனுப்புவா? பஸ் டிக்கெட் இலவசம்தான், பஸ் பள்ளிக்கூட நேரத்துக்கு வரணுமே. தனியார் வேன் வாசல்ல வந்து நிக்குது. பாதிப் பேரு அந்த வேனுக்காகத்தான் பள்ளியையே தேர்ந்தெடுக்கிறாங்க. ஒரு ஏக்கர் வெள்ளாமையில மிஞ்சுற காசு அதுலயே போயிருது.

இன்னொண்ணு காலை உணவு. 2022-ல் ஆரம்பிச்சு, 2023-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு, பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் போச்சு. நல்ல திட்டம், காலையில நடவுக்குப் போற தாய்மாருக்குத்தான் அதோட அருமை தெரியும். ஆனா அது அஞ்சாம் வகுப்போட நிக்குது. நடுநிலைப் பள்ளியில ஒரே வளாகத்துல தம்பி கிச்சடி சாப்பிடுறான், ஆறாப்பு படிக்கிற அக்கா பார்த்துக்கிட்டு நிக்கிறா. மத்தியானச் சத்துணவு பத்து வரைக்கும் இருக்கும்போது காலைச் சாப்பாடு ஏன் எட்டு வரைக்கும் இருக்கக் கூடாது? பள்ளி மாறுற வருஷத்துலயே சாப்பாடும் நிக்குது. பதினோரு வயசுல பசி என்ன குறைஞ்சா போகுது.

ஊர்மேல பாசம் உள்ள வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்துக்கு எதாவது செய்யணும்னா சுவத்துல பேர் போட்டு வளைவு கட்ட வேண்டாம். ஒரு வருஷத்துக்கு ஒரு ஆட்டோ வாடகை கட்டுங்க. ஏழு பிள்ளை நடுநிலைப் பள்ளிக்குப் போய் வரும், அதுல நாலு வேனை விட்டு வந்தது.

என் பேத்தியை நடுநிலைப் பள்ளியில சேர்க்கலாம்னு மகளும் மாப்பிள்ளையும் ஏறக்குறைய முடிவு பண்ணியாச்சு. கணக்கு டீச்சர் மாறுதல் ஆகாம இருக்காங்களான்னு ஜூன்ல பார்த்துட்டுத்தான் சேர்ப்போம்னு மாப்பிள்ளை சொல்றாரு, அதுவும் நியாயம்தான். பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும், பாதி பெண்கள் இருக்கணும். எங்க பக்கம் கூட்டம்னு கூப்பிட்டா கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவாங்க. இந்தத் தடவை அந்தச் சித்தாள் வேலை பார்க்கிற பொண்ணைப் பேசச் சொல்லியிருக்கோம். வர்ற மே 1 கிராம சபையில அஞ்சு ஊர் பிள்ளைகளுக்கும் சேர்த்து வண்டி, எட்டு வரைக்கும் காலைச் சாப்பாடுன்னு ரெண்டு தீர்மானம் எழுதி வச்சிருக்கோம். பக்கத்து ஊர்ல எழுதுறதாச் சொன்னாங்க, இன்னும் எழுதலை. நாளைக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் பார்க்கணும்.