மெத்தை முதலில், கம்பி அப்புறம்

பாட்டுக் கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றினால் காதோரம் கறுப்புத் துகள்கள். தலைமுடிச் சாயமல்ல. காதுமெத்தையின் ரெக்ஸின் உரிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலானோர் அடுத்துச் செய்வது ஒன்றுதான்: நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஹெட்போனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது.

பாவம், ஹெட்போன் மேல் தவறில்லை. மெத்தையின் மேலுறை தோல் அல்ல. துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன். காற்றின் ஈரமும் காதோர வியர்வையும் அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் உரியும். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியது. 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர்.-7506 இன்றும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிறது. பலமுறை மெத்தை மாற்றிக்கொண்டுதான்.

மெத்தை சுகத்துக்கு மட்டுமல்ல. மூடிய வகை ஹெட்போனில் காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைப்பதும் அதுதான். அடைப்பு விட்டால் முதலில் ஓடிப்போவது மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரும். கேட்பவர் என்ன செய்வார்? வால்யூமைக் கூட்டுவார். விபரீதம் இங்கேதான். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நாள் முழுக்க ஹெட்போனோடு உட்காரும் கால் சென்டர் ஊழியருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் நைந்த மெத்தை அழகுப் பிரச்சினையல்ல, செவிப் பிரச்சினை.

சோதிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது இரு காதுப்பக்கமும் லேசாக அழுத்திப் பாருங்கள். பேஸ் திடீரென்று கூடினால் அடைப்புப் போதவில்லை என்று அர்த்தம். பல மாடல்களில் பழைய மெத்தையை விரலால் இழுத்துக் கழற்றிப் புதியதன் விளிம்பைப் பள்ளத்தில் நுழைத்தால் வேலை முடிந்தது. வாங்குமுன் உள்வட்டத்தையும் கனத்தையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். கனம் மாறினால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் மாறும், ஒலியும் மாறும். வெல்வெட் மெத்தை வேர்க்காது, ஆனால் மூடிய ஹெட்போனில் பேஸைக் கொஞ்சம் கசியவிடும். கண்ணாடி அணிபவர்களுக்கு மென்மையான பஞ்சே நல்லது.

இனி கம்பி. வெள்ளி முலாம், பின்னல் உறை என்று மெத்தையைவிடப் பல மடங்கு விலையில் கேபிள்கள் விற்கிறார்கள். செம்பைவிட வெள்ளி சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். ஹெட்போனின் மின்தடை 38 ஓம் என்றும், கேபிளின் தடை அரை ஓம் என்றும் வைத்துக்கொண்டால் ஒலி குறைவது டெசிபலில் பத்தில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் அது எட்டாது.

அப்படியானால் கேபிளை மாற்றவே வேண்டாமா? வேண்டும், அறுந்தால். ஒரு காதில் மட்டும் பாட்டு வந்தால், பெரும்பாலும் ஜாக்குக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து கம்பி அறுந்திருக்கும். அங்கே வெட்டிப் புது ஜாக் வைத்து ஈயம் பற்றவைத்தால் போதும். பல கேபிள்களில் இழைகளின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாமல் பற்றவைத்தால் தொடர்பு கிடைக்காது. ஆடியோ-டெக்னிகா தன் எம்50 மாடலை 2014-ல் எம்50எக்ஸ் ஆக்கியபோது கேபிளைக் கழற்றி மாட்டும்படி செய்தது. அதில் கூடியது ஹெட்போனின் ஆயுள்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காகத் தனி இணையதளமே தொடங்கியது. அந்த உரிமை கடை வாசலிலேயே ஆரம்பிக்கிறது. ஹெட்போன் வாங்கப் போகிறவர் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: மெத்தை தனியாகக் கிடைக்குமா? கேபிள் கழலுமா?