மருந்து அறையின் கணக்கு

சென்ற மாதம் என் மனைவியை ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம் (இப்போது தேவலை). குளுக்கோஸ் பாட்டிலைக்கூட வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். இரவு பதினோரு மணிக்குக் கடை தேடி அலைந்தேன். மறுநாள் பார்த்தால், ஸ்டோர் வாசலில் காலாவதியான மருந்துப் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன! பணப் பஞ்சமல்ல இது, கணக்குப் பஞ்சம். ரயில்வே ஸ்டோர்ஸில் ஒரு போல்ட்டுக்குக்கூட அட்டை உண்டு. இருப்பு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் இண்டென்ட் போட்டாக வேண்டும்.

1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மாநிலம் முழுமைக்கும் மொத்தக் கொள்முதல், மாவட்டந்தோறும் கிடங்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் வேண்டியதை வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தானும் 2011-இல் இவ்வழிக்கு வந்தது. ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும்தான்!)

நம் சங்கத்தில் டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை தங்கள் ஆஸ்பத்திரி மருந்து அறைக்குள் போய், முதலில் காலாவதியாகும் பெட்டி முன்வரிசையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.