வீடுகள் பெருகின, ஊர் எங்கே?

சென்னையின் தென்புறத்தே, மத்திய கைலாசத்தில் தொடங்கிச் சிறுசேரி வரை இருபது கிலோமீட்டர் நீளும் சாலையைப் பழைய மாமல்லபுரம் சாலை என்று நெடுங்காலம் அழைத்தோம். இன்று அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே சென்றவர்கள் உப்பங்கழியையும் வயல்களையும் பனைமரங்களையும் கண்டிருப்பர். இன்று செல்வோர் கண்ணாடி பதித்த அலுவலகங்களையும் வானளாவிய அடுக்ககங்களையும் காண்கின்றனர். வளர்ச்சி என்றால் இதுவன்றோ என்று வியக்கின்றனர். நாமும் வியந்தவர்களே. வியப்பு அடங்கிய பின் ஒரு கேள்வி மட்டும் நம்மை விட்டு அகல மறுக்கிறது. இத்தனை ஆயிரம் வீடுகளைக் கட்டினோமே, ஊரைக் கட்டினோமா?

வீடு வேறு, ஊர் வேறு. வீட்டைத் தனியொருவர் தம் பணத்தால் கட்டிக்கொள்ளலாம். ஊரோ பொது நிலத்தாலும் பொதுப் பொறுப்பாலும் உருவாவது. நடந்து செல்ல நடைபாதை, மழைநீர் ஓட வடிகால், கழிவுநீர் செல்லக் குழாய், பிள்ளைகளுக்குப் பள்ளியும் விளையாட்டுத் திடலும், நோயுற்றோருக்கு மருத்துவமனை, காய்கறி வாங்கச் சந்தை, படிக்க நூலகம், இறந்தோரை அடக்கம் செய்ய ஆறடி நிலம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே ஊர். இவற்றுள் ஒன்றையேனும் விளம்பரத் தாளில் கண்டோமா? நீச்சல் குளத்தைக் கண்டோம். உடற்பயிற்சிக் கூடத்தைக் கண்டோம். மதிற்சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை எவரும் சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

நடந்ததைச் சற்று வரிசைப்படுத்திப் பார்ப்போம். தரமணியில் டைடல் பூங்கா 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பல்லாயிரம் இளைஞர்கள் இச்சாலையை நோக்கி வரத் தொடங்கினர். 2008-இல் ஆறு வழிச் சாலை வந்தது. அதனுடன் சுங்கச்சாவடிகளும் வந்தன. பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்டு இறுதி வரை கட்டணம் செலுத்தியே மக்கள் வேலைக்குச் சென்றனர். பறக்கும் இரயில் திருவான்மியூர் வரை வந்து, தரமணி, பெருங்குடி நிலையங்கள் வழியே வேளச்சேரிக்குத் திரும்பிவிட்டது. அதற்குத் தெற்கே இச்சாலையில் இரயில் இல்லை. இச்சாலை வழியே சிறுசேரி வரை செல்லவேண்டிய தடத்தையும் உள்ளடக்கிய மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. மக்களை வேலைக்கு அழைத்த ஆண்டுக்கும், அவர்களை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு முதற்கல் வைத்த ஆண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை கல்லூரி மாணவனாகிவிட்டது.

நிர்வாகத்தின் கதையும் இதுவே. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெருங்குடி, சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி முதலியவை உள்ளே வந்தன. பெரும்பாக்கமும் நாவலூரும் வெளியே நின்றன. உள்ளே வந்த ஊர்களுக்கு வரிச்சீட்டு விரைந்து வந்தது. கழிவுநீர்க் குழாய் ஆடி அசைந்து வந்தது. வெளியே நின்ற ஊர்களிலோ, சிற்றூர்க்கெனக் கணக்கிட்ட வருவாயையும் பணியாளர்களையும் கொண்டு ஒரு நகரத்தையே பேணும் சுமை ஊராட்சியின் தோள்மீது விழுந்தது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது. ஆயினும் பல அடுக்ககங்கள் தண்ணீர் லாரியை நம்பியே வாழ்ந்திருக்கின்றன. அந்த லாரிகள் எங்கே நீர் எடுக்கின்றன? அண்டைக் கிராமத்துக் கிணறுகளில். உழவன் வயலுக்குப் பாய வேண்டிய நீர் நம் குளியலறைக்குப் பாய்கிறது. 2019 கோடையில் லாரிகளும் கைவிட்டன. வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று இச்சாலையின் நிறுவனங்கள் சில தம் ஊழியரிடம் கூற நேர்ந்தது. அதே மண்ணில் 2015-இலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. கோடையில் குடிக்க நீரில்லை. மழையில் நிற்க நிலமில்லை. தென்புறத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கி அனுப்பி வந்தது பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அதன் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் விழுங்கின. எஞ்சியதற்கு 2022-இல் ராம்சர் நிலம் என்னும் பன்னாட்டு மதிப்புக் கிடைத்தது. மதிப்பு வந்தது நன்றே. மடிந்த நிலம் மீளுமோ?

இவ்விடத்தில் ஒரு சட்ட விதியைச் சுட்ட விரும்புகிறோம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையைப் பிரித்தோ கட்டியோ விற்போர், சாலைகள் நீங்கலாக உள்ள நிலத்தில் பத்து விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக எழுதிக்கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைகளுக்கோ, நிலத்துக்கு ஈடாக வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டினால் போதும். முக்கால் ஏக்கர் முதல் இரண்டரை ஏக்கர் வரையுள்ள மனைகள் வரிசையாக நிரம்பும் ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் பணம் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் சட்டப்படியே நடக்கிறது. முடிவில் அரசின் கணக்கில் பணம் இருக்கிறது. தெருவில் ஒரு குழந்தை பந்து விளையாட ஓரடி இடமில்லை. அந்தப் பணத்தைக் கொண்டு பின்னாளில் அங்கே நிலம் வாங்கலாமே என்பீர்கள். எங்கே வாங்குவது? எட்டாவது மாடியிலா?

“முதலில் வளர்ச்சி வரட்டும், வசதிகள் தாமே பின்தொடரும்” என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றை நாம் மறுக்கிறோம். பின்தொடர்வதற்கு நிலம் வேண்டும். காலியாக இருக்கும்போது ஒதுக்காத நிலத்தை, வீடுகள் நிரம்பிய பின் எந்த அரசாலும் எளிதில் மீட்க இயலாது. இதே சென்னையில் முன்னோர் வேறு வழியைக் காட்டியுள்ளனர். 1920-களில் தியாகராய நகரை அமைத்தபோது நடுவே பனகல் பூங்காவைக் குறித்து, அதைச் சுற்றியே தெருக்களை வகுத்தனர். அண்ணாநகர் உருவானபோது 1968 உலக வர்த்தகக் கண்காட்சியின் திடல் கோபுரப் பூங்காவாக மக்களிடம் தங்கிற்று. அவர்களும் குற்றமற்றவர் அல்லர். தியாகராய நகருக்காக ஒரு பேரேரியையே தூர்த்தார்கள். ஆயினும் பொதுவிடத்தை முதலில் குறித்து, வீட்டைப் பின்னர் வைத்தார்கள். நாம் ஏரியையும் இழந்தோம், பூங்காவையும் பெறவில்லை.

“பணமிருந்தால் எல்லாம் கிடைக்கும்” என்பது இன்னொரு வாதம். லாரி நீரும், தனியார் பள்ளியும், மின்னாக்கியும் பணத்துக்குக் கிடைக்கும், உண்மையே. நடைபாதையை எந்தக் கடையில் வாங்குவது? வெள்ளம் வடியும் கால்வாயை மாதத் தவணையில் வாங்க முடியுமா? ஆறு வழிச் சாலையைக் கடக்க முடியாமல் ஓரத்தில் நிற்கும் முதியவருக்கு நம் வாயிற்காவலரால் என்ன செய்ய முடியும்?

பணமில்லாதவர் நிலையோ இன்னும் கொடிது. இச்சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றப்பட்டவர்கள் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தார். பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் எட்டுத் தளக் கட்டடங்கள் நிறைந்த பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்தோர் திரளாக இங்கே கொண்டுவரப்பட்டனர். சிந்தாதிரிப்பேட்டையில் வேலை பார்த்தவருக்குப் பெரும்பாக்கம் இருபது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. வீட்டின் சாவியைக் கொடுத்தவர்கள் பேருந்தையும் பள்ளி இருக்கையையும் அன்றே கொடுத்தார்களா? இல்லை. பேருந்துக் கட்டணத்துக்குக் கூலி போதாமல் வேலையை விட்டவர்களும், பழைய பள்ளி தொலைவாகிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் செலுத்திய விலை எந்தத் திட்டச் செலவிலும் எழுதப்படவில்லை. அங்கிருந்து விடியலில் புறப்படும் பெண்தான் நம் அடுக்ககத்தில் பாத்திரம் துலக்குகிறாள். நம் வீட்டில் தண்ணீர் நின்றால் லாரியை அழைக்கிறோம். அவள் வீட்டில் நின்றால் யாரை அழைப்பாள்?

பிறரை மட்டும் சாடிவிட்டு நழுவுதல் நேர்மையாகாது. நமது பங்குகளைச் சேர்ந்தோர் பலரும் இப்புதுக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். வீடு வாங்கும் நாளில் நாம் கேட்டவை என்ன? சதுர அடி விலை, வாகன நிறுத்துமிடம், கடன் வட்டி. இத்தெருவின் மழைநீர் எங்கே போகும், நம் கழிவுநீர் லாரி எங்கே கொட்டும், இந்த நிலம் முன்பு யாருடைய ஏரி என்று கேட்டோமா? மதிலுக்குள் எல்லாம் கிடைத்ததும் மதிலுக்கு வெளியே உள்ளதை மறந்தோம். வசதியுள்ளோர் பொதுப் பேருந்தையும் பொதுப் பள்ளியையும் கைவிட்டதனால்தான் அவற்றைக் கேட்கும் குரலும் மெலிந்தது. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கவில்லை. கேட்டவர்களின் குரல் எட்டவில்லை.

இனியேனும் கேட்போம். நிலத்துக்குப் பதில் பணம் என்னும் சலுகை நெருக்கமான புறநகர்களில் நீக்கப்பட வேண்டும். சிறு மனைகளின் பங்கை ஒன்றுசேர்த்து நிலமாகவே பெற வழி காண வேண்டும். வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தெருவுக்கு வந்த பின்னரே பெருங்குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்று தர வேண்டும். மறுகுடியேற்றத்தில் பள்ளியும் பேருந்தும் மருத்துவமனையும் மக்களுக்கு முன்பே சென்று காத்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு இடமும் உண்டு. மாநகராட்சி எல்லைக்குள் வாழ்வோருக்கு 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பகுதி சபை உண்டு. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மாநிலமெங்கும் அச்சபைகள் கூடின. ஊராட்சியில் வாழ்வோருக்குக் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுக்ககத்தாரும் மறுகுடியேற்றத்தாரும் அங்கே ஒரே பாயில் அமர்ந்து ஒரே கோரிக்கையில் கையெழுத்திடட்டும். அடுத்த கூட்டத்தின் நாளை இன்றே குறித்துக்கொள்வோம். போகும்போது நம் தெருவில் இன்னும் காலியாகக் கிடக்கும் மனைகளின் பட்டியலையும் உடன் கொண்டு செல்வோம். அவையும் நிரம்பிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் எஞ்சாது.