கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டாமா?

ராயப்பன்பட்டியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்த ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தகுதித் தேர்விலும் தேற வேண்டும். அங்கிருந்து பஸ் ஏறிப் போகும் பிள்ளைக்கு உத்தமபாளையம் கல்லூரியில் பாடம் நடத்த? முதுகலையுடன் நெட், செட் அல்லது முனைவர் பட்டம் போதும். கற்பிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

பணியில் சேர்ந்தபின் பயிற்சி உண்டு. 2023இல் தொடங்கிய மாளவியா திட்டத்தின் பாடத்திட்டத்தில் எட்டுத் தலைப்புகள்: இந்திய அறிவு மரபு, ஆராய்ச்சி, நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம் என்று நீளும் பட்டியலில் மாணவர் பன்முகத்தன்மையும் ஒன்று. நம் பிள்ளைகளுக்கோ அதுதான் முதல் தலைப்பு. பிளஸ் டூ வரை தமிழில் இயற்பியல் படித்தவளுக்கு முடுக்கம் தெரியும். பி.எஸ்சி. வகுப்பில் அது 'ஆக்சலரேஷன்' ஆனதும், தெரிந்த பாடமே தெரியாததாகிவிடுகிறது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அவளை, 'பேஸிக்கே இல்லை' என்று ஒதுக்குவது எளிது.

நிரந்தரப் பேராசிரியர்கள் பதவி உயர்வுக்காகவாவது பயிற்சிக்குப் போகிறார்கள். பதவி உயர்வே இல்லாத கௌரவ விரிவுரையாளர் எதற்குப் போவார்? சம்பளமே சொற்பம்!

1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இருக்கும் அதே உத்தமபாளையத்தில்தான், பள்ளி ஆசிரியர்களுக்கான மாவட்டப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தால், கல்லூரி திறக்கும் முன் பத்து நாள் பாடத்திட்டம் ஒன்றை வகுக்கலாம். இருமொழிக் கலைச்சொற்கள், மாணவரைக் கேள்வி கேட்கவைக்கும் முறை, சக ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து கவனிப்பது. கௌரவ விரிவுரையாளருக்கு அந்தப் பத்து நாளுக்கும் சம்பளம் தர வேண்டும். உதவித்தொகை வழங்கும் நம் அமைப்புகள் அதை ஏற்கலாமே.