முள்ளைப் பார்த்து இன்ஜினுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்

பழைய போர்ஷே 911 காரின் இன்ஜின் அதிகமாகச் சூடேறினால் என்ன செய்வது என்று சொல்லித்தரப் புறப்பட்ட ஒரு கட்டுரைக்கு இந்த எதிர்வினை. அதன் வாதம் சுருக்கமானது. காற்றால் குளிரும் இன்ஜின் பிறவியிலேயே குறையுள்ளது. வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு அது ஆகாது. போர்ஷே நிறுவனமே 1998-இல் அதைக் கைவிட்டது இதற்குச் சாட்சி. ஆகவே ஆயில் வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறினால் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய ஆயில் கூலர் ஒன்றை முன்னால் பொருத்துங்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள், இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளை எடுத்துவிட்டு அது மூச்சுவிட வழி செய்யுங்கள், இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றுங்கள். நான்கு கட்டளைகள். அவற்றுக்கு முன்னால் ஒரு சோதனைகூட இல்லை.

இதை ஆலோசனை என்று ஏற்க முடியாது. இதை நம்பிக் கையில் ஸ்பேனரை எடுப்பவர், பல நேரங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைக் கெடுப்பார். மற்ற நேரங்களில், கெட்டுக்கொண்டிருக்கும் இன்ஜினின் உண்மையான கோளாறை மூடி மறைப்பார்.

முதலில் 1998-ஐப் பார்ப்போம். காற்றால் குளிரும் கடைசி 911 அந்த ஆண்டுதான் தயாரானது. ஆனால் அது சூடு தாங்காமல் தோற்றுப்போனதால் நிறுத்தப்பட்டது என்பது வரலாற்றைத் திரிப்பது. புகை விதிகளும் இரைச்சல் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு இறுகின. அவற்றுக்குள் நின்றுகொண்டே அதிக சக்தி வேண்டுமென்றால் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் தேவைப்பட்டன. நான்கு வால்வுகள் நெருக்கியடித்து நிற்கும் சிலிண்டர் ஹெட்டைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது கடினம். அதனால்தான் 1980-களின் 959 காரில் சிலிண்டர்களைக் காற்றுக்கும் ஹெட்களைத் தண்ணீருக்கும் போர்ஷே பிரித்துக் கொடுத்தது. இது அந்தத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சிக்கு இருந்த எல்லை. அந்த எல்லைக்குள் வடிவமைக்கப்பட்ட இரண்டு வால்வு இன்ஜின் தன் வேலையைச் செய்ய முடியாமல் வெந்துபோகும் என்பதற்கு இதில் எந்தச் சான்றும் இல்லை.

எதிர்ச் சான்றுதான் நிறைய இருக்கிறது. ஹான்ஸ் மெஸ்கர் தலைமையில் உருவான 917 பந்தயக் காரின் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் முழுக்க முழுக்கக் காற்றால் குளிர்ந்தது. அது 1970-இலும் 1971-இலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. அதன் டர்போ வடிவமான 917/30, ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்து 1973-இல் அமெரிக்காவின் கேன்-ஆம் தொடரை வென்றது. 1984-இல் ரெனே மெட்ஜ் பாரிஸ்-டாக்கர் பந்தயத்தில் முதலிடம் பிடித்தது, 911-இன் அடிப்படையில் அமைந்த, காற்றால் குளிரும் காரில். சகாராவைக் கடந்த இன்ஜின் நகரத்து வெயிலைத் தாங்காது என்று எழுத, அதற்கேற்ற ஆதாரம் கையில் இருந்திருக்க வேண்டும். கட்டுரையாளரிடம் ஒன்றும் இல்லை.

அடுத்தது இயற்பியல். வெப்பம் வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது, சூடான பொருளுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வித்தியாசம். சிலிண்டர் ஹெட்டின் உலோகம் 200 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 20 டிகிரியாக இருக்கும் நாளில் வித்தியாசம் 180. 40 டிகிரி நாளில் 160. இழப்பு சுமார் 11 சதவீதம். ரேடியேட்டரில் 95 டிகிரி தண்ணீர் ஓடும் காரில் அதே வித்தியாசம் 75-இலிருந்து 55-ஆகக் குறையும். இழப்பு 27 சதவீதத்துக்கு அருகில். வெயில் காலத்தில் அதிகம் பலம் இழப்பது எது என்று இந்தக் கணக்கே சொல்லும். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினில் ஆயிலும் வெப்பத்தைச் சுமக்கிறது. 100 டிகிரியில் ஓடும் ஆயில், ரேடியேட்டர் தண்ணீரைப் போலவே வெளிவெயிலால் பாதிக்கப்படும். அதனால்தான் கோடையில் முதலில் ஆயில் முள் அசைகிறது. ஆயில் சுற்றும் பாதை பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த அசைவு சொல்கிறது. இன்ஜினின் பிறப்பைக் குறை சொல்ல அது இடம் தரவில்லை.

கட்டுரையாளர் ஒரே ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறார்: 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் இன்ஜின்களின் கெட்ட பெயர். அந்தப் பெயர் நியாயமாகவே வந்தது. ஆனால் அதன் காரணங்களை அவர் அடுக்கவில்லை. அடுக்கியிருந்தால் அவர் வாதமே சரிந்திருக்கும். அந்த இன்ஜின்களின் கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவை. அமெரிக்காவுக்குச் சென்ற கார்கள் பலவற்றில் புகை விதிக்காக தெர்மல் ரியாக்டர் என்ற எரிகலத்தை ஹெட்களுக்கு நேர் கீழே மாட்டினார்கள். எரியாத எரிபொருள் அங்கே எரிந்து, அதன் சூடு மேலே இருந்த ஹெட்களைத் தாக்கியது. 1976, 1977 கார்களில் பதினொரு இறக்கை விசிறிக்குப் பதில் ஐந்து இறக்கை விசிறி வந்தது. ஹெட்டை இறுக்கிப் பிடிக்க மக்னீசியத்தில் இறங்கியிருந்த ஸ்டட்கள் பிடி இழந்து மேலே இழுபட்டன. 1978-இல் 911 எஸ்சி அலுமினியக் கிராங்க் கேஸோடு வந்தது. அந்த ஸ்டட் துளைகள் பிய்ந்துபோகும் தொல்லையும் அதோடு ஒழிந்தது. குளிர்விக்கும் முறை அப்போதும் அதே காற்றுதான். மாறியவற்றில் முக்கியமானவை கேஸின் உலோகமும் ஹெட்டின் கீழே மாட்டியதும். குறை எங்கே இருந்தது என்று இதற்குமேல் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி அந்த நான்கு கட்டளைகள்.

தகடுகளைக் கழற்றச் சொல்வது அவற்றில் மிக மோசமானது. 911-இன் விசிறி மேலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, சிலிண்டர்கள் மேலும் ஹெட்கள் மேலும் கீழ்நோக்கி அழுத்தித் தள்ளுகிறது. சூடான காற்று இன்ஜினுக்கு அடியில் வெளியேறுகிறது. மேல்பக்கக் குளிர்காற்றையும் அடிப்பக்கச் சூட்டையும் பிரித்து வைப்பவை அந்தத் தகடுகளும் அவற்றின் ஓரத்து ரப்பர் பட்டைகளும்தான். அவை போனால் சைலன்சர் பக்கத்துச் சூடு மேலே ஏறி, விசிறி அதையே மறுபடி விழுங்கும். சிலிண்டர்களுக்கு அடியில் காற்றைத் திருப்பிவிடும் சிறு தகடுகளை இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது மறந்துவிட்டாலே சிலிண்டரின் ஒரு பக்கம் வெந்துபோகும். காற்றுக்கு வழிகாட்டும் சுவரை இடித்துவிட்டு இன்ஜின் மூச்சுவிடும் என்று எழுதுபவர், அந்தக் காற்று எந்த வழியில் போகிறது என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காதவர்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது அடுத்த கேடு. ஆயில் ஏறத்தாழ 85 டிகிரியை எட்டும்வரை அது முன்பக்கக் கூலருக்குப் போகும் வழியை மூடி வைக்கிறது. ஆயில் விரைவில் சூடாக வேண்டும். எரிதலில் உண்டாகும் ஈரமும் கசிந்து கலக்கும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற அந்தச் சூடு தேவை. எப்போதும் அரைச்சூட்டில் ஓடும் ஆயில், ஈரத்தைச் சேர்த்து, புளித்து, பேரிங்குகளைத் தின்னும். குளிர்ந்து கெட்டியான ஆயிலின் அழுத்தம் கூலரைத் தாக்காமல் திருப்பிவிடும் வால்வும் தெர்மோஸ்டாட்டின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. இவை எதையும் சொல்லாமல் கழற்றி எறியச் சொல்வது பொறுப்பின்மை.

கெட்டியான ஆயில் முள்ளுக்கு மட்டுமே நல்லது, அதுவும் அழுத்தம் காட்டும் முள்ளுக்கு. தயாரிப்பாளர் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் உராய்வால் தானே கூடுதல் சூட்டை உண்டாக்குகிறது. கூலரின் மெல்லிய குழாய்களில் மெதுவாகவே ஓடுகிறது. பெரிய கூலர் சில கார்களுக்கு உண்மையாகவே தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதற்காகச் சூடேறுகிறது என்று தெரியாமல் அதைப் பொருத்துவது, கோளாறின் ஒரே அடையாளத்தைத் துடைத்துவிடுவது. முள் இறங்கும்; ஹெட் வெந்துகொண்டேயிருக்கும்.

இங்கேதான் அவர் வாதத்தின் அடித்தளமே பிழை. அவர் பார்ப்பது ஆயில் வெப்பத்தை. அதையே இன்ஜினின் வெப்பமாக எடுத்துக்கொள்கிறார். எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவையில் ஓடும் இன்ஜினில் ஹெட்கள் ஆபத்தான அளவுக்குச் சூடேறியிருக்கும். ஆயில் முள் அதை முழுதாகச் சொல்லாது. மறுபுறம், ஒன்றுமே இல்லாதபோது முள் சிவப்பைத் தொடலாம்.

ஆகவே சோதனை முள்ளிலிருந்தே தொடங்க வேண்டும். முன்பக்கக் கூலர் உள்ள கார்களில் பத்து லிட்டருக்கு மேல் ஆயில் சுற்றுகிறது. அவ்வளவு ஆயிலும் சில நொடிகளில் முப்பது டிகிரி ஏற முடியாது. முள் சட்டென்று துள்ளினால் கோளாறு மின்கம்பியிலோ சென்சாரிலோதான். சூடு ஏறினால் அந்தச் சென்சாரின் மின்தடை குறையும். அதன் கம்பி எங்காவது உரசி எர்த் ஆனால் முள் கடைசிவரை போய் நிற்கும். ஆயில் டாங்க்கின் மூடியைத் திறந்து ஒரு வெப்பமானியை உள்ளே விட்டு, உண்மை அளவை முள்ளோடு ஒப்பிட வேண்டும். 90 முதல் 110 டிகிரி வரை இந்த இன்ஜினுக்கு வழக்கமானதே. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது ஆயிலின் அளவு. அதை இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், ஐட்லிங்கில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். நின்ற இன்ஜினில் ஆயில் டாங்க்கை விட்டு இறங்கியிருக்கும். அதைக் குறைவு என்று நம்பி ஊற்றியவர்களின் ஏர் ஃபில்டரில் ஆயில் வழிந்திருக்கிறது.

பிறகு காற்று. விசிறியும் ஆல்டர்னேட்டரும் ஒரே தண்டில், ஒரே பெல்ட்டில் சுழலும் பழைய மாடல்களில் பெல்ட் தளர்ந்தால் காற்றும் குறையும். புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவில் உள்ள வாஷர்களில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் மாட்டினால் பெல்ட் இறுகும். கசிந்த ஆயிலும் தூசியும் சேர்ந்து சிலிண்டர்களின் துடுப்புகளுக்கிடையில் பாய்போல் படிந்திருக்கிறதா, எலி கூடு கட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஹீட்டரை அகற்றியவர்கள் விசிறிக்கூட்டில் அதற்கான துளையை மூடியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். திறந்திருந்தால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அங்கே வீணாகிறது.

முள் 100-ஐத் தாண்டியும் முன்பக்கக் கூலருக்குப் போகும் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது வழி அடைபட்டிருக்கிறது. வலப்பக்க வாசலுக்கு அடியில் ஓடும் அந்தக் குழாய்களை யாராவது ஜாக்கி வைத்து நசுக்கியிருக்கலாம். பெரிய கூலர் வாங்குவதற்கு முன் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

கடைசியில் எரிபொருள் கலவையும் தீப்பொறியின் டைமிங்கும். கே-ஜெட்ரானிக் ஊசி முறை கொண்ட கார்களில் ஐட்லிங்கின்போது ஆயில் மூடியைத் திறந்தால் இன்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் ஏற்கெனவே எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, கலவை மெலிந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகள் துருப்பிடித்து நின்றுவிட்டால் வேகம் கூடும்போது தீப்பொறி பிந்தும். எரிதலின் சூடு ஹெட்டிலும் எக்ஸாஸ்டிலும் போய் இறங்கும். எந்தக் கூலரும் இதைச் சரிசெய்யாது.

சூடு எப்போது ஏறுகிறது என்ற கேள்வியே பாதி விடை தரும். நெரிசலில் ஏறி நெடுஞ்சாலையில் இறங்கினால், விசிறியில்லாத முன்பக்கக் கூலருக்கு நின்ற இடத்தில் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் பெல்ட், துடுப்புகள், தெர்மோஸ்டாட், கலவை, டைமிங் என்று வரிசையாகத் தேட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக்கூட அந்தக் கட்டுரை தன் வாசகரிடம் கேட்கவில்லை.

மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியவை ஒரு வெப்பமானி, ஒரு மல்ட்டி மீட்டர், ஒரு டைமிங் லைட், ஓர் ஓய்வு நாள். கட்டுரையாளரின் நான்கு கட்டளைகளுக்கோ பெரும் பணம் செலவாகும். முடிவில் கோளாறு கண்டுபிடிக்கப்படாமலே இருக்கும். இந்தக் கார்களில் புதிதாக இனி ஒன்றும் தயாராகப் போவதில்லை. ஒரு கிராங்க் கேஸ் பிளந்தால், ஒரு ஹெட் வளைந்தால், உலகில் இருப்பவற்றில் ஒன்று குறைகிறது. அதைக் காப்பாற்ற விரும்புகிறவருக்கு முதலில் அளந்து பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அளக்காமல் கழற்றச் சொல்லும் அந்தக் கட்டுரையை அதை எழுதியவரே திரும்பப் பெற வேண்டும்.